இரண்டாவது மூச்சு

அன்று சிக்கந்தருக்கு வந்த முதல் புகார் உத்தமபாளையத்துக் கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து. மறுவீட்டு விருந்து. பந்தி போட்டாயிற்று. மேசைக்கு ஒன்றாக வைத்திருந்த சிவப்பு ஒயின் பாட்டில்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது, மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அதன் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சிக்கந்தர் முதலில் பாட்டிலை அவரிடமிருந்து வாங்கி வைத்தான். பிறகு இலையைப் பார்த்தான்.

"மூடியில பழுது ஒண்ணும் இல்லைங்க. இலையில இருக்கறது கோழி."

"ஆட்டுக்கறி பத்தாதுன்னு கடைசி நேரத்துல மாத்துனோம். திங்கிற எங்களுக்கே வித்தியாசம் தெரியல. அதுக்கு எப்படிய்யா தெரிஞ்சுச்சு?"

"உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கு. அதுக்கு இது ஒண்ணுதானே வேலை."

பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு வாளி ஆட்டுக்கறி வந்து, இலைகளில் விழுந்து, ஊர் சாப்பிட்டு முடித்துக் கதை பேசிக்கொண்டிருந்தபோது மூடிகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே எழுந்து நின்றன. சிக்கந்தர் அதற்குள் அடுத்த ஊருக்கு வண்டியைக் கிளப்பியிருந்தான்.

அவன் வேலை முகர்மூடிகளைப் பழுதுபார்ப்பது. முகர்மூடி என்பது பார்வைக்கு ஒரு சாதாரண ஒயின் தக்கை மாதிரிதான் இருக்கும். உள்ளே மனித மூக்கைவிடக் கூர்மையான ஒரு வாசனை உணரியும், நகக்கண் அளவு மின்கலமும், ஒரு சிறு கசப்புக் குமிழும் உண்டு. ஒவ்வொரு ஒயினுக்கும் ஓர் இணையுணவு பதிவாகியிருக்கும். அந்த உணவு மேசைக்கு வந்தால்தான் மூடி திறக்கும். திருகியோ உடைத்தோ திறக்கப் பார்த்தால் குமிழ் வெடிக்கும். பிறகு அந்த ஒயினை மாட்டுக்கு வைத்தால் மாடும் குடிக்காது.

இணையுணவுச் சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிறது. மது குடும்பங்களைத் தின்ற காலம் ஒன்று இருந்தது. மொத்தமாகத் தடை செய்து பார்த்த காலம் ஒன்று இருந்தது. தடைக்கு அடியில் கள்ளச்சாராயம் ஓடி, அது இன்னும் அதிகமானவர்களைத் தின்றது. கடைசியில் கண்டுபிடித்த நடுவழி இது: மது சாப்பாட்டின் ஒரு பகுதியாக மட்டுமே இருக்கும், சாப்பாடு இல்லாத இடத்தில் அது வெறும் கண்ணாடியும் தண்ணீரும்தான். சட்டத்தில் இதற்கு மேலும் ஒரு பிரிவு உண்டு. கல்யாண வீடுகளில் அது யாருக்கும் நினைவிருப்பதில்லை, ஏனென்றால் அங்கே அதற்குத் தேவையானது ஏராளமாக இருக்கிறது.

இரண்டாவது புகார் இராயப்பன்பட்டியிலிருந்து. அழைத்தது அமலோற்பவம். பெயரைக் கேட்டதும் சிக்கந்தர் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான். அமலோற்பவத்தின் கணவர் இன்னாசியைத் தெரியாதவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கிடையாது.

சாலையின் இரு பக்கமும் நிழல்கூரைகள். வெயிலில் பாதியை மட்டும் உள்ளே விடும் வெள்ளை வலைகள் மலையடிவாரம் வரை நீண்டு கிடந்தன. இந்தப் பள்ளத்தாக்குக்குத் திராட்சை புதிதல்ல. வெகுகாலமாக இங்கே விளைந்தது பன்னீர்த் திராட்சை. தின்பதற்கு அருமையான பழம், ஆனால் சிவப்பு ஒயினுக்குப் போதாது. சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் சாற்றிலிருந்து வருவதில்லை, தோலிலிருந்து வருகின்றன. பன்னீர்த் திராட்சைக்குத் தோல் மெல்லிசு.

உலகின் பழைய ஒயின் நாடுகள் வெயிலில் வெந்துபோன பிறகுதான், வெயிலிலேயே பிறந்து வளர்ந்த இந்த மாதிரி ஊர்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. குளிர் நாட்டில் கொடி பனிக்காலம் முழுக்கத் தூங்கும். இங்கே பனிக்காலம் இல்லாததால் கொடிக்குத் தூக்கமும் இல்லை. விட்டால் வருடம் முழுக்கக் காய்த்து, காய்த்தே ஓய்ந்துபோகும். ஆகவே தூக்கத்தை மனிதர்தான் கொடுக்க வேண்டும். தண்ணீரை நிறுத்தி, கொடியை வெட்டிக் கவாத்து செய்து, வரும் பூவை உதிர்த்துவிட வேண்டும். சில மாதம் கழித்து மறுபடியும் கவாத்து செய்து அப்போது மட்டும் காய்க்க விட வேண்டும். அப்படிச் செய்தால் பழம் மார்கழிக் குளிரில் பழுக்கும். குமுளிக் கணவாய் வழியே இறங்கும் காற்று இரவில் அதைக் குளிர்விக்கும். பழம் இனிப்பு ஏறினாலும் புளிப்பை விடாது.

தடித்த தோலும் அந்தப் புளிப்பும் சேர்ந்த ஒரு கொடியை இருபது வருடம் மகரந்தம் மாற்றி மாற்றி ஒட்டுரகமாக உருவாக்கியவர் இன்னாசி. அதற்குச் 'சுருளிக் கருப்பு' என்று பெயர் வைத்ததும் அவர்தான். அதன் முதல் ஒயின் பலாமரப் பீப்பாயில் நாலைந்து வருடம் கிடந்து, போன மாதம்தான் பாட்டிலுக்கு வந்தது. பாட்டிலில் அது எப்படி வந்திருக்கிறது என்று ருசி பார்ப்பதற்குள் இன்னாசியின் தொண்டையில் கட்டி வந்துவிட்டது.

வாசலில் நின்று காத்திருந்த அமலோற்பவம் அவன் இறங்குவதற்குள் கேட்டார்.

"சாப்டீங்களா தம்பி?"

"போகும்போது சாப்புட்டுக்கிறேங்க்கா. நீங்க சாப்டீங்களா?"

"எனக்கு அப்பவே ஆச்சு," என்று சொல்லிக்கொண்டே அமலோற்பவம் உள்ளே நடந்தார். எல்லா வீட்டிலும் எல்லாரும் சொல்வதுதான். சிக்கந்தரும் அதை அப்படியே காதில் வாங்கி விட்டுவிட்டான்.

கூடத்தில் சாய்வு நாற்காலியில் இன்னாசி இருந்தார். முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, விருந்துக்குத் தயாரானவர் போல இருந்தார். சட்டைக்கு அடியில், வயிற்றோடு பொருத்திய குழாயின் நுனி தெரிந்தது. ஐந்து வாரமாக எதையும் விழுங்க முடியவில்லை. கஞ்சியோ கூழோ எல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான். எச்சில்கூட இறங்காமல் பக்கத்தில் வைத்த சொம்பில் துப்பிக்கொண்டிருந்தார். நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. வருகிற திங்கட்கிழமை மதுரையில் கதிர்வீச்சு தொடங்குகிறது. அது கட்டியைச் சுடும்போது நாவின் சுவை மொட்டுகளையும் சேர்த்தே சுடும். சிலருக்குச் சுவை திரும்பி வரும், சிலருக்கு வராது. மருத்துவர் இதை மறைக்காமல் சொல்லியிருந்தார்.

மேசைமேல் தட்டில் ஆட்டு உப்புக்கறி மூடி வைத்திருந்தது. அதன் பக்கத்தில் சுருளிக் கருப்பு, இரண்டு கண்ணாடிக் குவளைகள். பாட்டிலின் மூடியில் இரண்டு சிறு விளக்குகளில் ஒன்று மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"திங்கக்கெழமைக்குள்ள ஒரு வாய் பாத்துரணும்," என்றார் இன்னாசி. குரல் கரகரத்து, பாதி காற்றாக வந்தது. "முழுங்க வேணாம். வாயில வச்சுட்டுத் துப்பிருவேன். ஆயுசு பூராம் துப்புனவன்தானே நானு."

அது உண்மைதான். ஒயின் செய்பவர்கள் ருசி பார்ப்பது அப்படித்தான். ஒரு நாளைக்கு முப்பது பீப்பாய் பார்க்க வேண்டியவர், விழுங்கிக்கொண்டிருந்தால் நான்காவது பீப்பாயிலேயே படுத்துவிடுவார்.

சிக்கந்தர் பையைத் திறந்து மூச்சுக்கவசத்தை மாட்டிக்கொண்டான். மூடியின் அருகே வேலை செய்பவர்கள் அதை மாட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மூடி அவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அவனுக்குப் பிரச்சினை என்னவென்று குழாயைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது போலிருந்தது. அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

கல்யாண வீடுகளில் யாருக்கும் நினைவிராத பிரிவு இதுதான்: தனியாகக் குடிக்கக் கூடாது. உணவு மேசையில் இருந்தால் மட்டும் போதாது, அதைக் குறைந்தது இரண்டு பேர் உண்டிருக்க வேண்டும். உண்டார்களா என்று மூடி அவர்களுடைய மூச்சில் தேடும், ஒவ்வொருவரைக் கண்டுகொள்ளும்போதும் ஒரு விளக்கு பச்சையாகும். முதலில் வந்த மூடிகள் வாயின் வாசனையைப் பார்த்தன. ஆட்கள் ஒரு துண்டை மென்று துப்பிவிட்டு மூடியை ஏமாற்றினார்கள். அதன் பிறகு வந்த மூடிகள் வாயை விட்டுவிட்டு இரத்தத்தைப் பார்க்கத் தொடங்கின.

இது கேட்பதற்குத்தான் விசித்திரம். பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பூண்டு சாப்பிட்டவர் எத்தனை முறை பல் விளக்கினாலும் வாசம் போகாது, ஏனென்றால் அது பல்லில் இல்லை. பூண்டின் ஒரு கூறு குடலில் கரைந்து, இரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து மூச்சாக வெளியே வருகிறது. வெந்தயம் வேர்வையில் வாடை வீசுவதும் கிட்டத்தட்ட இதே வழிதான். ஆகவே ஒவ்வொரு இணையுணவிலும் இப்படி இரத்தத்துக்குள் போய்ச் சொல்லும் பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அதற்குச் சாட்சிப் பொருள் என்று பெயர். தட்டிலிருந்து எழும் ஆவி என்ன சமைத்தார்கள் என்று சொல்லும். சாட்சிப் பொருள் யார் சாப்பிட்டார்கள் என்று சொல்லும்.

சுருளிக் கருப்புக்கு இணையாக உப்புக்கறியைப் பதிவு செய்ததும், இறக்கும்போது நசுக்கிப் போடும் பச்சை மலைப்பூண்டைச் சாட்சியாக வைத்ததும் இன்னாசிதான். மற்றவர்கள் கேக்கையும் பாலாடைக்கட்டியையும் இணையாக எழுதிக்கொண்டிருந்தபோது, தன் வீட்டுச் சட்டியில் என்ன வேகிறதோ அதற்குத்தான் தன் ஒயின் என்று பிடிவாதமாக நின்றார். அதில் வெறும் பிடிவாதம் மட்டும் இல்லை. துவர்ப்பு என்பது உண்மையில் ஒரு சுவை அல்ல, அது ஒரு தொடுவுணர்வு. ஒயினின் துவர்ப்பு நம் எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. எச்சில் வழுவழுப்பை இழக்கிறது. நாக்கு சாக்குப்பையால் துடைத்தது போல ஆகிறது. அதே நேரம் வாயில் கொழுப்புள்ள கறித்துண்டு இருந்தால், துவர்ப்பு எச்சிலை விட்டுவிட்டுக் கறியைப் பிடித்துக்கொள்ளும். உப்பு மிச்சக் கசப்பை அடக்கும். மிளகாய் மட்டும் எதிரி. ஒயினிலுள்ள சாராயம் காரத்தை விசிறி விடும். அதனால் இன்னாசியின் உப்புக்கறியில் வரமிளகாய் விதை உதிர்த்துத்தான் விழும்.

இப்போது விழுங்க முடியாத ஒருவரின் மூச்சில் மூடி எதைத் தேடும்? சிக்கந்தர் மனதுக்குள் ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டிருந்தான். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு, மனுக் கொடுக்கலாம், ஆனால் கிடைப்பதற்குள் இரண்டு மாதம் போய்விடும்.

"மூடி கெடக்கட்டும்," என்றார் இன்னாசி. "மொதல்ல கீழ போயி பீப்பாயப் பாரு. ஒண்ணு கெட்டுப்போகுது."

"ஆரம்பிச்சுட்டாக," என்றார் அமலோற்பவம்.

"நெயில் பாலிஷ அழிக்கிற தண்ணி இருக்குல்ல, அந்த வாசம். அதுக்குப் பின்னாடி அழுகப்போற அன்னாசி மாதிரி ஒண்ணு. புளிச்சுக் காடி ஆகப்போற ஒயின்ல மொதல்ல அதான் வரும். மூணு வாரமாச் சொல்றேன், இவ போயிப் போயிப் பாத்துட்டு ஒண்ணும் இல்லைங்குறா. இவ மூக்கு போயிருச்சு."

"அடுத்த வருசத்து ஒயின் ஏழு பீப்பாயையும் தொறந்து பாத்தாச்சு தம்பி. நேத்துக்கூடப் பாத்தேன். படி ஏறி எறங்கி முழங்காலுதான் போச்சு."

பெரியவரின் மனத்திருப்திக்காகச் சிக்கந்தர் மூச்சுமானியை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினான். மூச்சுமானி, காற்றில் கலந்திருக்கும் ஒவ்வொரு வாசனைக் கூற்றையும் பிரித்துக் காட்டும் ஒரு பலகை. ஒவ்வொரு பீப்பாயின் வாயிலும் அதைப் பிடித்தான். பலாமரம், பழம், புளிப்பு எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. காடியின் சுவடே இல்லை. ஏறி வந்து சொன்னான். இன்னாசி நம்பவில்லை. தன் மூக்கு இதுவரை பொய் சொன்னதில்லை என்றார்.

"சரிங்கய்யா, மூடியப் பாப்போம். இதுல மெல்ல ஊதுங்க."

இன்னாசி ஊதினார். கட்டி அடைத்த தொண்டை வழியே வந்த மெல்லிய மூச்சு. பலகையில் கோடுகள் எழுந்தன. சிக்கந்தர் அதை இரண்டு முறை பார்த்தான். பூண்டின் கோடு பலகையின் உச்சி வரை போயிருந்தது.

"ஐயாவுக்குக் காலையில என்னக்கா குடுத்தீங்க?"

"கறிய வேகவச்ச தண்ணியத்தான் வடிகட்டிக் குடுத்தேன். பூண்டு நசுக்கிப் போடுன்னாக. போட்டேன். வாய்க்குத்தான் இல்ல, வயித்துக்காவது போகட்டும்னு."

சிக்கந்தருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவன் தயார் செய்த ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் வீண். மூடிக்கு வாய் முக்கியமில்லை. குடலுக்குப் போன பூண்டு குழாய் வழியாகப் போனால் என்ன, தொண்டை வழியாகப் போனால் என்ன? இரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு இன்னாசியுடையது.

அப்படியானால் எரியாத விளக்கு யாருடையது?

கேள்வி மனதில் எழுந்தபோதே சிக்கந்தரின் கை பழக்கத்தில் பலகையை அமலோற்பவத்தின் பக்கம் நீட்டிவிட்டது. அமலோற்பவம் ஒரு கணம் தயங்கினார். பிறகு ஊதினார். பூண்டின் கோடு தரையோடு கிடந்தது. கருப்பட்டிக் காப்பியின் மெல்லிய கோடு ஒன்று. இவை இரண்டுக்கும் மேலே, தனியாக, நெட்டுக்குத்தாக ஒரு கோடு.

அது என்னவென்று அவனுக்குத் தெரியும். இந்த வேலையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். உடம்புக்குச் சோறு வராதபோது அது தன் கொழுப்பையே எடுத்து எரிக்கும். அந்த எரிப்பின் மிச்சம் மூச்சில் வரும். நெயில் பாலிஷை அழிக்கும் நீரில் இருப்பதும் அதே பொருள்தான். பழம் கனிந்து கெடப்போகும் வாசம் அதற்கு உண்டு. நோன்புக் காலத்தில் சாயங்கால நேரத்தில் சிக்கந்தரின் வீட்டிலும் அந்த வாசம் லேசாக இருக்கும். ஆனால் ஒரு நாள் நோன்பில் வரும் அளவு இல்லை இது. பல வாரத்து அளவு.

அமலோற்பவம் இன்னாசிக்குத் தெரியாமல் தலையை மெல்ல அசைத்தார். வேண்டாம் என்று.

சிக்கந்தர் பலகையை அணைத்தான். மூடியில்தான் ஏதோ கோளாறு, வேறு மூடி எடுத்து வரவேண்டும் என்று தொடங்கினான். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் மூடியின் வகைப் பெயரையே தப்பாகச் சொன்னான்.

"எரியிறது யாரு வெளக்கு?" என்று கேட்டார் இன்னாசி.

"அதுல அப்படி யாரு எவருன்னு..."

"பதிவுக்கு வச்சப்ப அந்தப் பலகைய நானே பாத்திருக்கேன்ப்பா. ஆளுக்கு ஒரு பக்கம் காட்டும். என் மூச்சா, அவ மூச்சா?"

சிக்கந்தர் அமலோற்பவத்தைப் பார்த்தான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மூச்சுதாங்கய்யா. மூடி உங்களக் கண்டுக்கிச்சு. அக்காவத்தான் காணலைங்குது."

இன்னாசி நாற்காலியின் கையைப் பிடித்து முன்னால் சாய்ந்தார். மனைவியின் பக்கமாக முகத்தைக் கொண்டுபோய், ஒரு குவளையை முகர்வது போல மூச்சை இழுத்தார். நாற்பது வருடம் ஒயின் முகர்ந்த மூக்கு. ஒரு பீப்பாய் கெடுவதை மற்றவர்களுக்கு முன்னால் சொல்லிவிடுகிற மூக்கு.

"பீப்பாய் இல்ல," என்றார்.

பிறகு, "நான் பீப்பாய்னு நெனச்சுட்டேன் அமலி," என்றார். "நீ கிட்ட வந்தாத்தான் அடிக்கும். கீழருந்து ஏறி வர்றியே, அதான்னு நெனச்சேன். மறுபடி மறுபடி ஒன்னயே கீழ போச் சொன்னேன்."

அதன் பிறகுதான் அமலோற்பவம் சொன்னார். வேண்டுமென்று எதுவும் செய்யவில்லையாம். முதல் நாள், கணவருக்குக் குழாயில் கஞ்சி ஊற்றிவிட்டு வந்து தட்டில் சோறு போட்டபோது, கூடத்திலிருந்து அவர் சொம்பில் துப்பும் சத்தம் கேட்டிருக்கிறது. அன்றைக்கு இறங்கவில்லை. அவர் தூங்கட்டும், பிறகு சாப்பிடலாம் என்று நினைத்தது, பிறகு பசியே இல்லாமல் ஆனது. நடுவில் காப்பி, எப்போதாவது இரண்டு வாய் கஞ்சி. கேட்டவர்களுக்கெல்லாம் சாப்பிட்டேன் என்றே சொல்லியிருக்கிறார். எல்லாரும் கேட்டார்கள். யாரும் தட்டைப் பார்க்கவில்லை. இன்று கறியைச் சமைத்தபோதுகூட, உப்புப் பார்க்க நாக்கு நுனியில் ஒரு சொட்டு. மூடிக்குத் தட்டின் வாசம் போதும் என்று நினைத்தாராம்.

"சரி, அது என் பாடு," என்று அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிக்கந்தரிடம் திரும்பினார். "நீ ஒரு ரெண்டு துண்டு சாப்புடு தம்பி. பாய் கடையிலதான் எடுத்தது. சாப்புட்டு அந்தக் கவசத்தக் கழட்டு. ரெண்டு ஆளு ஆச்சுல்ல? மூடி தொறந்துரும். இவுக ஒரு வாய் பாத்துக்கிரட்டும்."

நடக்கக்கூடிய வழிதான். சிக்கந்தர் ஒயினைத் தொடமாட்டான், ஆனால் சட்டம் கறி சாப்பிட்டவரைத்தான் கேட்கிறது, குடிப்பவரை அல்ல. அவனுக்குப் பசியும் இருந்தது. அவன் கை கவசத்தின் வாரைத் தேடிப் போனது.

"கழட்டாத," என்றார் இன்னாசி.

"ஏங்க, திங்கக்கெழமைக்கு அப்புறம்..."

"திங்கக்கெழமை கெடக்கு. நீ சாப்புடு."

"ஒங்க முன்னாடி எப்படிங்க சாப்புடுறது?"

"என் முன்னாடிதான் சாப்புடணும். நீ சாப்புடாமத் தொறக்குற பாட்டிலு எனக்கு வேணாம். அவன் தயவுல தொறந்தா அது எனக்குத் தொண்டையில எறங்காது." சொல்லிவிட்டு, தான் சொன்னதை நினைத்து இன்னாசிக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. இருமி முடித்துச் சொம்பில் துப்பிவிட்டு, தட்டை நோக்கிக் கையை நீட்டினார். "சூடு பண்ணி எடுத்துட்டு வா. நெஞ்செலும்புப் பக்கத்துத் துண்டா எடு. அதுலதான் கொழுப்பு இருக்கும்."

அமலோற்பவம் சூடு பண்ணி எடுத்து வந்தார். கணவருக்கு எதிரே, அவர் பார்க்கும்படியாக உட்கார்ந்தார். முதல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் வெகுநேரம் வைத்திருந்தார். சிக்கந்தர் மூடியின் கணக்கைச் சரிபார்ப்பவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னாசி திருப்பிக்கொள்ளவில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். மிளகாய் விதையை உதிர்த்தாயா என்று கேட்டார். வெங்காயம் எந்த அளவுக்குச் சிவந்திருக்கிறது, கொழுப்பு நாக்கில் எப்போது உருகுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அமலோற்பவம் மென்று பார்க்க வேண்டியிருந்தது. அப்படியே மூன்றாவது துண்டு, நான்காவது துண்டு. சோறும் கொஞ்சம் உள்ளே போனது. பல நாள் சுருங்கிய வயிறு, அதிகம் ஏற்காது, மெதுவாகச் சாப்பிடுங்கள் என்று சிக்கந்தர் மட்டும் நடுவில் ஒரு முறை சொன்னான்.

பூண்டு உடனே சாட்சி சொல்லாது. குடலில் கரைந்து இரத்தத்துக்கு வர அதற்கு அவகாசம் வேண்டும். மூவரும் காத்திருந்தார்கள். சிக்கந்தருக்கு அடுத்த ஊரிலிருந்து அழைப்பு வந்தது, சாயங்காலம் வருகிறேன் என்றான். இன்னாசி அடுத்த கவாத்தைப் பற்றிப் பேசினார். தான் மதுரையில் இருக்கும்போது எந்த வரிசையை முதலில் வெட்ட வேண்டும், தண்ணீரை எப்போது நிறுத்த வேண்டும் என்றெல்லாம். அமலோற்பவம் அவர் சொன்ன வரிசையைத் தப்பு என்றார். மேல்வரிசையில் வெயில் முதலில் ஏறுவதால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார். சண்டை சிறிது நேரம் நடந்தது. வெளியே நிழல்கூரைகளைக் கணவாய்க் காற்று தூக்கித் தூக்கிப் போட்டது.

சண்டையின் நடுவில் மூடியின் இரண்டாவது விளக்கு பச்சையானது. சிக்கந்தர்தான் முதலில் பார்த்தான். மூடி ஒரு சின்ன மூச்சு விடுவது போல ஓசை எழுப்பி, தானாகவே எழுந்து நின்றது.

அமலோற்பவம் இரண்டு குவளைகளில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார். பன்னீர்த் திராட்சையின் ஊதாவல்ல, காய்ந்த இரத்தத்தின் கருஞ்சிவப்பு. இன்னாசி குவளையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார். ஒரு வாய் எடுத்து, கன்னத்தின் இரு பக்கமும் உருட்டி, கண்ணை மூடி, இருபது வருட ஒட்டும் நாலைந்து வருடப் பீப்பாயும் நாக்கின் மேல் போய்வரும் வரை வைத்திருந்தார். பிறகு சொம்பில் துப்பினார்.

"கசக்குது," என்றார்.

அமலோற்பவத்தின் முகம் விழுந்துவிட்டது. சிக்கந்தருக்கும் ஒரு மாதிரி ஆனது. இதற்காகவா இவ்வளவும்?

"அஞ்சு வாரமா வாயி வெறுமனே கெடக்கு. கொழுப்பும் இல்ல, உப்பும் இல்ல. கசக்கத்தான் செய்யும்," என்றார் இன்னாசி. "இத வெறும் வாய்க்குச் செய்யலியே. நீ குடி. ஒரு துண்டு கறியத் தின்னுட்டுக் குடி."

அமலோற்பவம் ஒரு துண்டை மென்றார். குவளையை எடுத்துக் குடித்தார். இன்னாசி அவருடைய தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்குக் கசக்குதா?"

அமலோற்பவம் நாக்கை உள்ளே சுழற்றிப் பார்த்தார். இத்தனை வருடமும் பரிமாறியது அவர், ருசி பார்த்துச் சொன்னது இன்னாசி. அமலோற்பவத்திடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

"இல்லைங்க," என்றார் மெல்ல. "கறியோட சேந்து வழுக்கிக்கிட்டுப் போயிருச்சு. கடைசியில நாவல்பழம் மாதிரி ஒண்ணு நிக்குது."

"கசப்பு கொஞ்சங்கூட இல்ல?"

"கொஞ்சங்கூட இல்ல."

"அப்பச் சரியாத்தான் செஞ்சிருக்கேன்," என்றார் இன்னாசி. குவளையைக் கீழே வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் அதை எடுக்கவில்லை. "இங்க வா. ஊது."

அமலோற்பவம் சிக்கந்தரைப் பார்த்துக் கூச்சப்பட்டார். பிறகு குனிந்து, கணவரின் முகத்துக்கு நேராக மெல்ல ஊதினார். அந்தப் பழைய மூக்கால் அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார்.

"பூண்டு நாறுது," என்றார் இன்னாசி திருப்தியாக. "இன்னொரு துண்டு எடு."